ஒன்பது நாற்காலியும் ஓர் அந்தோனியாரும்

எங்கள் தெருவில் அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்த்துப் பல்லை இளித்துவிட்டுக்கூடத் தப்பித்துக்கொள்ளலாம். அடுத்தவன் நாற்காலியைத் தொட்டவன் தப்ப முடியாது.

சிகாகோவில் ஜனவரி மாதம் முழங்கால் அளவு பனி கொட்டினால் தெருவோரம் நிறுத்திய கார் புதைந்துபோகும். இரண்டு மணி நேரம் இடுப்பு ஒடிய மண்வெட்டியால் வாரி, காரை வெளியே எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், நாம் வாரிய இடத்தில் எவனாவது நோகாமல் வண்டியை நிறுத்தியிருப்பான். அதற்குத்தான் நாற்காலி. வாரிய இடத்தின் நடுவில் ஒரு பழைய நாற்காலியை வைத்துவிட்டுப் போனால், பனி உருகும்வரை அந்த இடம் நமக்கு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் இதற்கு மேல் ஒரு சட்டமும் கிடையாது. நான்கு வருஷத்துக்கு முன் ஒருவன் மீறினான். மறுநாள் காலையில் யாரோ அவன் கார் முழுக்கத் தண்ணீர் அடித்து, அது உறைந்து, கதவைத் திறக்க அவனுக்கு மூன்று நாள் ஆயிற்று. யார் அடித்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ரப்பர் குழாய் என்னுடையதுதான்.

என் பெயர் சொராய்தா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதே தெரு, இதே வாய். சொந்த ஊர் புவேர்ட்டோ ரிக்கோவின் தெற்குக் கடற்கரை. அங்கே வண்டிக்காரன் சீவிப் பாகு ஊற்றித் தருகிற ஐஸைத் தவிர வேறு பனி எங்களுக்குத் தெரியாது. என் தம்பி எலியேசர் போன அக்டோபரில் அங்கிருந்து வேலை தேடி வந்தபோது, அவன் பையில் மூன்று அரைக்கை சட்டையும் கடற்கரைச் செருப்பும் இருந்தன.

நவம்பரில் முதல் பனி விழுந்தது. இந்தப் பிள்ளை என் சமையலறையிலிருந்து புளிப்பாகு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். வேலியோரம் கிடந்த பனியை டம்ளரில் அள்ளிப் பாகை ஊற்றி, ரசித்து ரசித்துத் தின்றான். அதே வேலியோரம் பக்கத்து வீட்டு நாய் வந்து காலைத் தூக்கியதைப் பார்த்த பிறகுதான் டம்ளரைக் கீழே வைத்தான். இன்னொரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறான். முடி குச்சி குச்சியாக விறைத்து நின்றது. "அக்கா, தொட்டா உடைஞ்சிடுமா?" என்று அழாத குறையாகக் கேட்டான். உடைந்துவிடும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

ரொட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காலை மூன்று மணிக்குப் போவான், பத்து மணிக்குத் திரும்புவான், சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்துவிடுவான். டிசம்பரில் பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வாடகைக்கு வீடு எடுத்தான். வீட்டில் ஒரு மெத்தை, ஒரு சட்டி, ஒரு கரண்டி. அவ்வளவுதான். என் முழங்காலுக்கு மூன்று மாடி ஆகாது என்று நான் ஒரு நாளும் ஏறிப் பார்க்கவில்லை. அவனும் கூப்பிடவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவன் மனைவி யாரித்ஸா போனில் ஒரு கெடு வைத்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன்.

"ஜனவரி கடைசியில ஒரு வாரம் வர்றேன். திரும்புற டிக்கெட்டோடதான் வருவேன். வீட்ல உட்கார ஒரு நாற்காலி, பேச நாலு மனுஷங்க, அது இருந்தா யோசிக்கிறேன். இல்லேன்னா உன் சிகாகோவை நீயே கட்டிக்கோ. நான் இங்கயே என் சலூனைப் பார்த்துக்கிறேன், நம்ம கல்யாணமும் அதோட சரி."

போனை வைத்த பிறகு என் தம்பி வெளுத்துப்போனான். அவள் சொன்னால் செய்வாள். கல்யாணத்தன்று அவன் அரை மணி நேரம் தாமதமாக வந்ததற்குக் கோயிலைப் பூட்டச் சொன்னவள் அவள்.

"நாற்காலிக்கு எங்கக்கா போவேன்?" என்றான்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும். "காசு குடுத்து ஒண்ணும் வாங்காதடா," என்றேன். "இந்த ஊர்ல யாரும் பழசை வெச்சுக்க மாட்டாங்க. வீடு மாத்தறப்போ தெருவுல வெச்சுட்டுப் போயிடுவாங்க. நல்லதாப் பார்த்துத் தூக்கிக்கோ. நானே அப்படித்தான் குடித்தனம் ஆரம்பிச்சேன்."

நான் சொன்னது கட்டடங்களுக்குப் பின்னால் குப்பைத் தொட்டி இருக்கிற சந்துகளை. அதை நான் சொல்லவில்லை. பனி பெய்தால் கதை வேறு என்பதையும் சொல்லவில்லை. தெரிந்தவளுக்குச் சொல்லத் தோன்றாது, தெரியாதவனுக்குக் கேட்கத் தோன்றாது.

ஜனவரி நடுவில் ஒரே இரவில் முழங்காலுக்கு மேல் பனி கொட்டியது. மறுநாள் காலை தெரு முழுக்க நாற்காலி முளைத்தது. எதிர்வீட்டு எரிபெர்தோ, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தன் சமையல்கட்டு மரநாற்காலியை வைத்தார். மூலை வீட்டு ஹலீனாம்மா, போலந்துக்காரி, எண்பது வயதிலும் கார் ஓட்டுகிறவள், தோட்டத்தில் இருந்த இடுப்பளவு பிளாஸ்டிக் அந்தோனியார் சிலையைத் தூக்கி வைத்தாள். "எவனும் அந்தோனியார் மேல காரை ஏத்த மாட்டான்," என்பது அவள் கணக்கு. நான் கார் டிக்கியில் கிடந்த நீலக்கோடு போட்ட கடற்கரை மடக்கு நாற்காலியை வைத்தேன்.

மூன்றாம் நாள் எரிபெர்தோவின் நாற்காலி காணவில்லை. அவர் இடத்தில் யாரோ முன்பின் தெரியாதவன் காரை நிறுத்தியிருந்தான். ஐந்தாம் நாள் நான்கு நாற்காலி போயிற்று. ஏழாம் நாள் என்னுடையதும் இன்னும் மூன்றும். எட்டாம் நாள் அந்தோனியாரே காணவில்லை.

ஹலீனாம்மா தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். அவரே காணாமல் போனால் யாரிடம் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவது?

தெரு இரண்டுபட்டது. கிழக்குப் பக்கத்துக்காரர்கள் மேற்குப் பக்கத்தைச் சந்தேகப்பட்டார்கள். இருபது வருஷம் ஒன்றாகச் சீட்டாடிய இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சும்மா இருப்பேனா? டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் விசாரித்தேன். எரிபெர்தோவின் பின்கட்டுச் சாமான் கொட்டகையைக்கூடத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்.

"என் நாற்காலியையே நான் திருடுவேனாடி, சொராய்தா?" என்றார்.

"சந்தேகம் வராம இருக்க அதையும் செய்வீங்க, அண்ணே," என்றேன்.

"அந்தத் திருடன் மட்டும் கையில கிடைச்சான்னா..."

"எனக்குக் குடுங்க. குழாய் ரெடியா இருக்கு."

இவ்வளவும் என் தம்பியின் காதுக்கு எப்படிப் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் சண்டை போட ஆரம்பிப்பதே சாயங்காலம் ஆறரை மணிக்குத்தான். அவன் ஆறு மணிக்கே தூங்கிவிடுவான்.

சனிக்கிழமை யாரித்ஸா வந்தாள். மஞ்சள் நிறத்தில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர், திறந்த செருப்பு, கால் விரல் பத்திலும் சிவப்புப் பூச்சு. விமான நிலையக் கதவு திறந்து காற்று அடித்ததும், "யார் இந்த ஊரை முதல்ல கண்டுபிடிச்சது? அவனுக்கு வீட்ல என்ன சண்டை?" என்றாள். அவள் சிவப்புப் பெட்டியை நான்தான் இரண்டு கையாலும் தூக்கி டிக்கியில் வைத்தேன். அதில் கல்லைத்தான் கொண்டுவந்தாளோ என்னவோ, என் தோள் இறங்கிவிட்டது.

"நாலு மனுஷங்க வேணும்னாளே, அதை நான் பார்த்துக்கிறேன்," என்று தம்பியிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெரு மொத்தத்தையும் அவன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். சண்டைக்காரர்கள் எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். நான் செய்கிற பச்சைத் துவரைச் சோற்றை வேண்டாம் என்றவர் இந்தத் தெருவில் பிறக்கவில்லை.

சட்டியைத் தூக்கிக்கொண்டு, மாடிக்கு ஒரு வசவாக மூன்று மாடி ஏறி, கதவைத் தள்ளினேன். கூடம் நிறைய நாற்காலி, மொத்தம் ஒன்பது. வட்டமாக, மாநாடு மாதிரி. நடுவில் சாப்பாட்டு மேஜைக்குப் பதிலாக ஒரு இஸ்திரி மேஜை, அதன் மேல் பூ. மூலையில் அந்தோனியார், கழுத்தில் என் தம்பியின் கம்பளித் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"எப்படிக்கா?" எலியேசரின் முகம் பூவாக மலர்ந்திருந்தது. "ஒத்தைக் காசு செலவில்ல. எல்லாம் தெருவுல கிடந்தது!"

சட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ஜன்னலோரம் நீலக்கோடு போட்ட மடக்கு நாற்காலி.

"டேய்... அது என் நாற்காலிடா."

"உன்னுதா? இதைப் போயா தூக்கிப் போட்டே? நல்லாத்தானே இருக்கு!"

"எவன்டா தூக்கிப் போட்டது! அது என் கார் நிறுத்துற இடத்துக்கு வெச்சதுடா பாவி! எல்லாரும் அதுக்குத்தான் வெச்சாங்க!"

அவனுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஏறவில்லை. "நான் என்ன நினைச்சேன்னா..." என்று இழுத்தான். "இந்த ஊர்க்காரங்க எவ்வளவு மரியாதையானவங்கன்னு நினைச்சேன்க்கா. சும்மா வீசிட்டுப் போகாம, பனியையெல்லாம் வாரி, தரையைச் சுத்தம் பண்ணி, நடுவுல வெச்சிருக்காங்களே. எடுக்க வர்றவங்க கால் நனையக் கூடாதுன்னு."

"ஒரு நாற்காலிக்குச் சங்கிலி போட்டிருந்தாங்களே!"

"அது காத்துல விழாம இருக்கன்னு..."

"அந்தோனியாரையுமாடா?"

"அவரை அந்தக் குளிர்ல எப்படிக்கா விட்டுட்டு வர்றது?"

உள்ளறையிலிருந்து யாரித்ஸாவின் குரல் வந்தது. "அண்ணி வந்துட்டீங்களா? தலை வாரிட்டு வர்றேன். பார்த்தீங்களா உங்க தம்பியை? இவன் இவ்வளவு பொறுப்பா இருப்பான்னு நான் நினைக்கவே இல்ல."

அதே நேரம் மாடிப்படியில் எரிபெர்தோவின் இருமல் கேட்டது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன் அவனைத் தண்ணீர் அடித்து உறைய வைக்கத் தயாராக இருந்த நான், நான் அவனுக்குக் கொடுத்தனுப்பியிருந்த துணி மூட்டையிலிருந்து போர்வை, துப்பட்டி, துண்டு, திரைச்சீலை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் உருவி நாற்காலிகளை மூடினேன். அந்தோனியாருக்கு மெத்தை உறை.

யாரித்ஸா வெளியே வந்து பார்த்தாள். "என்ன, வெள்ளையடிக்கப் போறீங்களா?"

"எங்க வழக்கம்," என்றேன். "விருந்தாளி வந்தா மூடுவோம்."

ஆட்கள் வந்தார்கள், கோட்டுகளைக் கழற்றினார்கள், உட்கார்ந்தார்கள். யாரித்ஸா தட்டு கொடுத்துக்கொண்டே ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டாள், ஊர் கேட்டாள், ஹலீனாம்மாவின் முடியைத் தொட்டுப் பார்த்து "உங்களுக்குக் காதுவரைக்கும் வெட்டினா பத்து வயசு குறையும்," என்றாள். கிழவி வெட்கப்பட்டாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. என் கண் மட்டும் கதவோரம் நின்ற சிவப்புப் பெட்டியில் இருந்தது. பூட்டைக்கூட அவள் திறக்கவில்லை.

எரிபெர்தோ ஒரு வாய் சோறு எடுத்தார். நிறுத்தினார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். இடுப்பை மெதுவாக ஆட்டிப் பார்த்தார்.

"சொராய்தா," என்றார். "இந்த ஆட்டம் எனக்குத் தெரியும்."

"என்ன ஆட்டம் அண்ணே? சாப்பிடுங்க."

"இடது பக்கம் சாயும். அப்புறம் கொஞ்சம் யோசிச்சு நிக்கும். பதினெட்டு வருஷமா நான் உட்கார்ந்த ஆட்டம். என் கண்ணை ஏமாத்தலாம்டி, என் பின்பக்கத்தை ஏமாத்த முடியாது."

"அந்த மூலையில நிக்கிறது யாரு?" என்றாள் ஹலீனாம்மா. "பாவம், வந்து சாப்பிடச் சொல்லுங்களேன்." அவளே எழுந்து போய் மெத்தை உறையை இழுத்தாள். அந்தோனியார் வெளிப்பட்டார். கிழவி சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே முழங்காலில் விழுந்தாள்.

அதற்குப் பிறகு யார் எந்தப் போர்வையை இழுத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. கூச்சல் கூரையைப் பிளந்தது. எலியேசர் நடுவில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னான். "அக்காதான் சொன்னா, தெருவுல கிடக்கிறதைத் தூக்கிக்கோன்னு," என்று முடித்தான். மொத்தத் தெருவும் என் பக்கம் திரும்பியது.

"ஓகோ!" என்றார் எரிபெர்தோ. "பத்து நாளா டார்ச் விளக்கோட வந்து எங்களையெல்லாம் திருடன்னியே! வேலியே பயிரை மேய்ஞ்சிருக்கு!"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். ஒவ்வொருவரும் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒருவர் இஸ்திரி மேஜையை எடுத்துப் பூவைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். ஹலீனாம்மா அந்தோனியாரைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள், கம்பளித் துண்டைத் திருப்பித் தரவில்லை.

கூடம் காலி. பேசினால் எதிரொலித்தது. யாரித்ஸா தன் மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவோரம் போய், பெட்டியைப் படுக்க வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமைதான் விமானம். அதுவரைக்கும் இதுதான் என் நாற்காலி."

"யாரி, நான் தெரியாம..."

"தெரியாமத்தான். அது எனக்குத் தெரியாதா? நீ ஒரு ஊசியைக்கூடத் திருட மாட்டே." அவள் குரல் இறங்கியது. "ஆனா இது குப்பையா, இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்க இந்த ஊர்ல உனக்கு ஒரு ஆள் இல்லையா, எலியேசர்? மூணு மாசமா நீ யார்கூடத்தான் பேசறே?"

அவன் யோசித்தான். "ரொட்டிகூட," என்றான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறேன். முழங்காலைச் சாக்குச் சொல்லி ஒரு நாள் ஏறி வரவில்லை. என்னிடம் கேட்கலாம் என்றுகூட அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு பேசாமல் இறங்கினேன், நான் பேசாமல் இறங்கியதே அன்றைக்குப் பெரிய விஷயம்.

செவ்வாய்க்கிழமை மறுபடி பனி கொட்டியது. பள்ளிக்கூடம் விடுமுறை. பத்து மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால், ரொட்டி மாவு படிந்த சட்டையோடு என் தம்பி தெருவில் மண்வெட்டியை வைத்துக்கொண்டு நிற்கிறான். எரிபெர்தோவின் காரில் ஆரம்பித்தான். வரிசையாக அத்தனை பேருக்கும் வாருவதாக முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறது. ஆனால் ஒரு காரில் வாரியதை அடுத்த கார் மேல் கொட்டினான்.

எரிபெர்தோ ஜன்னலைத் திறந்து கத்தினார். "அடேய்! ஒரு காரை எடுக்க ஒரு காரைப் புதைக்கிறியே! இப்படியே போனா நீ சாகிறவரைக்கும் வாரணும்டா!"

அப்போது மூன்றாவது மாடியிலிருந்து யாரித்ஸா இறங்கி வந்தாள். இரண்டு கால்சட்டை, அவனுடைய ஸ்வெட்டர்கள் எல்லாம், இரண்டு கையிலும் அவனுடைய காலுறை. மண்வெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"தள்ளு. நம்ம ஊர்ல புயலடிச்சப்போ எங்க வீட்ல இடுப்பளவு சேறு. ஒன்பது நாள் நான் வாரினேன். அதைப் பக்கத்து வீட்ல கொட்டினேனா? அந்தச் சேத்துக்கு முன்னால இது பஞ்சுடா."

வாரினாள் பாருங்கள். முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி, மரத்தடியில் ஒரே குவியலாக. அவள் வெட்டினாள், அவன் தள்ளினான். ஹலீனாம்மா ஜாடியில் காபி கொண்டுவந்தாள். நானும் என் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சீட்டாட்டச் சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வந்து நின்று, யார் வாரியது மோசம் என்று பேச்சை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு இடமாகத் திறந்துகொண்டு வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது.

யாரித்ஸா மட்டும் நிறுத்தவில்லை. அவர்கள் கட்டடத்துக்கு எதிரே, பனி தள்ளுகிற வண்டி குவித்துவிட்டுப் போன பெரிய மேடு ஒன்று இருந்தது. அதைப் போய் வெட்ட ஆரம்பித்தாள். ஒரு மணி நேரத்தில் தார் தெரிந்தது.

"இது யாரோட இடம்?" என்று நிமிர்ந்து கேட்டாள்.

"யாருதும் இல்ல," என்றார் எரிபெர்தோ.

"அப்ப வாரினவங்களுக்குத்தானே?"

அவர் தாடையைச் சொறிந்தார். சுற்றிலும் பார்த்தார். "சட்டம் அப்படித்தான் சொல்லுது," என்றார்.

அவள் மாடிக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் அந்தச் சிவப்புப் பெட்டி. எலியேசரின் முகம் செத்துப்போயிற்று. சனிக்கிழமைவரைகூட இருக்க மாட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பெட்டி அவள் விரலில் கூடை போல ஆடிக்கொண்டு வந்தது. என் தோளை இறக்கிய பெட்டி அது. நேராக வந்து, வாரிய இடத்தின் நடுவில் அதை நிமிர்த்தி வைத்தாள். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்து, கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினாள்.

"உங்ககிட்ட கார் இல்லையேம்மா?" என்றாள் ஹலீனாம்மா.

"கார் பின்னால வரட்டும்," என்றாள். "இடத்தை விட்டுட்டா அப்புறம் கிடைக்குமா?"

என் தம்பி மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு அழுதான். "துடைடா," என்றேன், "கன்னத்துலயே உறைஞ்சிடும்." உறையாதுதான். ஆனால் துடைத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து திரும்பினால், காற்றில் என் மடக்கு நாற்காலி எங்கேயோ பறந்துபோய், என் இடத்தில் வெளித்தெருக்காரன் ஒருவன் நிறுத்தியிருந்தான். நான்கு முறை தெருவைச் சுற்றினேன். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. காலியாக இருந்தது ஒரே இடம்தான். நடுவில் அந்தப் பெட்டி. காரே இல்லாதவர்களுக்கு எதற்கு இடம்? நான் யார்? அவனுடைய சொந்த அக்கா. இறங்கிப் போய்ப் பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தேன்.

மூன்றாவது மாடி ஜன்னல் திறந்தது.

"அண்ணி!"

"என்னடி?"

"அது எங்க இடம்."

தெருவே கேட்டது. எரிபெர்தோ தன் வாசலில் நின்று என்னையும், என் வீட்டு ரப்பர் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கையை எடுத்தேன். இரண்டு தெரு தள்ளிக் காரை நிறுத்திவிட்டு, வழுக்குகிற ஐஸில் அடி மேல் அடி வைத்து, அவளை வாய் நிறையத் திட்டிக்கொண்டே வந்து, அதை நேரில் சொல்வதற்காக மூன்று மாடியும் ஏறினேன்.

கதவைத் திறந்தாள். "உட்காருங்க அண்ணி, காபி போடறேன்," என்றாள். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்தேன். இடது பக்கம் சாய்ந்தது, கொஞ்சம் யோசித்தது, அப்புறம் நின்றது.